ஆறு மைல் நீளத்தில் ஒரு மனு

1842 மே 2ஆம் தேதி லண்டன் தெருக்களில் ஒரு மனு ஊர்வலமாக வந்தது. தாளோடு தாளை ஒட்டிச் சுருட்டியிருந்த அதன் நீளம் ஆறு மைல். எடை சுமார் 300 கிலோ. மரச்சட்டகத்தில் ஏற்றி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து உழைப்பாளிகள் அதைச் சுமந்து வந்தார்கள். உள்ளே 33 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள். நாடாளுமன்ற வாசலுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது: சட்டகம் வாசலைவிட அகலமாக இருந்தது. கதவின் நிலையைப் பெயர்த்துப் பார்த்தார்கள், அப்போதும் நுழையவில்லை. கடைசியில் மனுவைப் பிரித்து, கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் காமன்ஸ் சபையின் தரையில் இறக்கினார்கள். நடுவே இருந்த எழுத்தர் மேஜையைவிட உயரமாக அது குவிந்து கிடந்தது.

மனுவின் அடிப்படைக் கோரிக்கைகள் ஆறு. இருபத்தோரு வயதான ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு. ரகசிய வாக்கெடுப்பு. சொத்து உள்ளவர்தான் உறுப்பினராகலாம் என்ற விதி ஒழிய வேண்டும். உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும். தொகுதிகள் சம அளவில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தேர்தல் வேண்டும். 1838இல் வெளியான ‘மக்கள் சாசனம்’ என்ற அறிக்கையில் இவற்றை எழுதிவைத்த வில்லியம் லவெட், மேஜை அலமாரி செய்யும் தச்சர். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகும் வயதுவந்த ஆண்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் வாக்கு இருந்தது. பெண்களுக்கு அறவே இல்லை. பஞ்சாலையில் நாள் முழுக்க நிற்பவருக்கும் சுரங்கத்தில் இறங்குபவருக்கும், தங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பற்றி நாடாளுமன்றத்திடம் வாய் திறக்க இருந்த வழி மனு ஒன்றுதான்.

மறுநாள் தாமஸ் டன்கோம் என்ற உறுப்பினர் எழுந்து, மனு கொடுத்தவர்களின் பிரதிநிதிகளைச் சபை முன் நின்று பேச அனுமதியுங்கள் என்று கேட்டார். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் மெக்காலே. 1834இல் சென்னையில் கப்பல் இறங்கி, ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்து, மறு ஆண்டு இந்தியக் கல்வியின் போக்கையே திருப்பிவிட்ட அதே மெக்காலேதான். எல்லோருக்கும் வாக்கு கொடுத்தால் சொத்துரிமை நிற்காது, சொத்துரிமை நிற்காவிட்டால் நாகரிகமே நிற்காது என்பது அவர் வாதத்தின் சாரம். டன்கோமுக்கு ஆதரவாக 49 பேர், எதிராக 287 பேர். முப்பத்து மூன்று லட்சம் பேருக்குக் கிடைத்த பதில் அது.

வாக்கு இல்லாத, அல்லது வாக்கு மட்டுமே உள்ள பிரிட்டிஷ் குடிமக்கள் தங்கள் நாட்டு அரசியலைப் பற்றிச் சொன்ன கருத்தின் வரலாற்றை எழுதினால் அதில் பெரும்பகுதி மனுக்களின் வரலாறாகத்தான் இருக்கும். அது பெரும்பாலும் நிராகரிப்புகளின் வரலாறும்கூட. ஆனால் நிராகரிக்கப்பட்ட மனுக்கள் எல்லாம் வீண் போகவில்லை. கையெழுத்து வாங்கப் போன இடத்தில் பேச்சு எழுந்தது. பேச்சிலிருந்து சங்கம் பிறந்தது. வந்து சேர்ந்த மனுவுக்குச் சபை எல்லோரும் பார்க்க ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மனுவின் பலம் இந்த இரண்டிலும் இருந்தது. இன்று விரல்நுனியில் அறுபது லட்சம் பேர் கையெழுத்திட முடிகிறது. பழைய பலம் இரண்டிலும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதிகாரம் மனுவைக் கண்டு முதலில் பயந்தது. 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் லண்டன் மக்கள் கும்பல் கும்பலாக மனுவோடு வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தார்கள். 1649 ஏப்ரலில், சிறையிலிருந்த, லெவலர் என்ற அரசியல் இயக்கத்தின் தலைவர்களை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கான பெண்களின் மனு வந்தபோது, வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைக் கவனியுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில். மன்னராட்சி திரும்பியதும், 1661இல், கலவர மனுக்களுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அரசையோ மதத்தையோ மாற்றக் கோரும் மனுவில் இருபது பேருக்கு மேல் கையெழுத்திட வேண்டுமானால் மூன்று நீதிபதிகளின் சம்மதமோ கிராண்ட் ஜூரியின் சம்மதமோ வேண்டும். மனுவைக் கொடுக்கப் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட ஆண்டு 1986.

1688இல் ஏழு பிஷப்புகள் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். மனு கொடுத்ததையே ராஜதுரோக அவதூறு என்று மன்னர் வழக்காக்கினார். ஜூரி அவர்களை விடுதலை செய்தது, லண்டன் கொண்டாடியது, அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னர் நாட்டை விட்டே ஓடினார். 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தில், மன்னருக்கு மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை, அதற்காக யாரையும் சிறைப்படுத்துவது சட்டவிரோதம் என்ற வரி இடம்பெற்றதற்குப் பின்னணி இதுதான்.

மனு என்றாலே நியாயத்தின் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 1780 ஜூனில் லார்ட் ஜார்ஜ் கார்டன் சுமார் ஐம்பதாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு மனுவோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார். கத்தோலிக்கர்களுக்கு அளிக்கப்பட்ட சிறு சலுகைகளைப் பறிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அது கலவரமாக வெடித்து, ஒரு வாரம் லண்டன் எரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெறுப்புக்கும் கையெழுத்து சேரும் என்பதை இதைப் படிக்கும்போது மறக்க முடியாது.

அடுத்த பத்தாண்டுக்குள் அதே நாடு மனுவின் நல்ல முகத்தைக் கண்டது. 1787 இறுதியில் மான்செஸ்டர் நகரம் அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஒரு மனு அனுப்பியது. ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த ஊரின் பருத்தித் தொழிலுக்கு அடிமைகளின் உழைப்போடு நேரடித் தொடர்பு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

இது தானாக நடக்கவில்லை. தாமஸ் கிளார்க்சன் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி, துறைமுகங்களில் மாலுமிகளைத் தேடிப் பிடித்துச் சாட்சியம் சேகரித்தார். அடிமைக் கப்பலில் மனித உடல்களை எப்படி அடுக்கினார்கள் என்று காட்டும் ‘ப்ரூக்ஸ்’ கப்பலின் வரைபடம் சாப்பாட்டுக் கடைகளின் சுவர்களில் ஒட்டப்பட்டது. அடிமையாக இருந்து, தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட ஒலவுதா எக்கியானோ தன் வாழ்க்கைக் கதையை அச்சிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பேசி விற்றார். மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. கிளார்க்சனின் மதிப்பீட்டில் சுமார் 3 லட்சம் பேர் அந்தச் சர்க்கரையை விட்டார்கள். சமையலறையை நடத்திய பெண்கள் எடுத்த அரசியல் முடிவு அது. இவ்வளவும் நடந்த பிறகு, 1792இல், 519 மனுக்கள் காமன்ஸ் சபைக்கு வந்தன. கையெழுத்துகள் நான்கு லட்சத்துக்குச் சற்றே குறைவு. படிப்படியாக ஒழிப்போம் என்று சபை தீர்மானித்துவிட்டு இழுத்தடித்தது. வியாபாரம் ஒழிய 1807 ஆயிற்று.

அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தபோது, 1,87,157 பெண்கள் கையெழுத்திட்ட ஒரே மனுவை நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து தூக்கி வந்தார்கள். வாக்கு இல்லாத பெண்கள், வாக்கு இல்லாத அடிமைகளுக்காக எழுதியது. சட்டம் நிறைவேறியது. இழப்பீடாக இரண்டு கோடி பவுண்ட் தரப்பட்டது. அந்தப் பணம் அடிமைகளுக்குப் போகவில்லை. அவர்களுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களுக்குப் போனது.

அந்தப் பத்தாண்டில்தான் மனு பெருவெள்ளமானது. 1833இல் காமன்ஸ் சபை, வரும் மனுக்களை எண்ணிப் பதிவு செய்யத் தனிக் குழு அமைத்தது. 1843ஆம் ஆண்டில் மட்டும் வந்தவை 33,898. 1830களின் தொடக்கத்தில் ஒரு மனுவைச் சாக்காக வைத்து உறுப்பினர் எழுந்து எந்த விஷயத்தையும் விவாதத்துக்குக் கொண்டுவர முடிந்தது. அரசாங்க வேலை நடக்கவில்லை என்ற முறையீடு வந்தது. 1842ஆம் ஆண்டு நிலையாணை அந்தக் கதவை ஏறக்குறைய மூடியது. மனுவை அளிக்கலாம், அதன் சாரத்தைச் சொல்லலாம். ஆனால் அளிக்கும்போது அதன்மேல் விவாதம் கூடாது. முப்பத்து மூன்று லட்சம் கையெழுத்து வந்த ஆண்டும் அதுவே.

மக்கள் சாசனத்துக்காகப் போராடிய சாசன இயக்கத்தாரின் முதல் மனு 1839இல் வந்தது. 12.8 லட்சம் கையெழுத்து. 46க்கு எதிராக 235 வாக்குகளில் தோற்றது. அந்த நவம்பரில் வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டபோது ராணுவம் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மனு கொடுத்து மாளவில்லை என்பவர்களுக்கும், மனுவை விட்டால் வழியில்லை என்பவர்களுக்கும் இடையே இயக்கத்துக்குள் நடந்த வாக்குவாதம் கடைசி வரை தீரவில்லை.

1842 மனுவுக்குப் பிறகு, மூன்றாவது மனு 1848 ஏப்ரல் 10. ஐரோப்பாவில் சிம்மாசனங்கள் ஆடிக்கொண்டிருந்த வசந்தம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே கென்னிங்டன் திடலில் கூட்டம். விக்டோரியா ராணியை முன்கூட்டியே வைட் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். நகரின் பாதுகாப்பை வாட்டர்லூ வீரர் வெலிங்டன் கோமகன் ஏற்றார். நடுத்தர வர்க்கத்தார் பல பத்தாயிரம் பேர் கையில் தடியோடு சிறப்புக் காவலர்களாக நின்றார்கள். ஊர்வலம் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. தலைவர் ஃபியர்கஸ் ஓகானர் மோதலைத் தவிர்த்தார். மனு மட்டும் மூன்று வாடகை வண்டிகளில் ஏறி நாடாளுமன்றம் போனது.

57 லட்சம் கையெழுத்து என்றார் ஓகானர். மூன்று நாளில் சபைக் குழு அறிக்கை தந்தது: பதின்மூன்று எழுத்தர்கள் பதினேழு மணி நேரத்துக்கு மேல் எண்ணினார்கள், மொத்தம் 19,75,496 மட்டுமே. விக்டோரியா ராணி, வெலிங்டன் கோமகன் பெயரிலெல்லாம் கையெழுத்து இருந்தது. சப்பைமூக்கன் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். சபை சிரித்தது, பத்திரிகைகள் சிரித்தன, பள்ளிப் பாடங்கள் இன்றுவரை அந்தச் சிரிப்பைத் திருப்பிச் சொல்கின்றன. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பதின்மூன்று பேர், பதினேழு மணி நேரம், ஏறக்குறைய இருபது லட்சம் பெயர் என்றால், ஒவ்வொருவரும் ஓய்வே இல்லாமல் நிமிடத்துக்கு 149 கையெழுத்து எண்ணியிருக்க வேண்டும். போலிப் பெயர்களைப் படித்துக் குறித்துக்கொண்டே இப்படி எண்ண முடியுமா? ஓகானரின் எண் மிகை என்பதில் ஐயமில்லை. சபையின் எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் காரணமில்லை. சபையே ஒப்புக்கொண்ட இருபது லட்சம் என்பதும் அன்று அந்நாட்டில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களைவிட அதிகம். நூறாயிரத்துக்கு 8,200 பெண்களின் கையெழுத்து இருந்ததையும் மனுவின் குறைகளில் ஒன்றாகக் குழு சொன்னது.

இயக்கம் அதற்குப் பிறகு தேய்ந்தது; கோரிக்கைகள் தேயவில்லை. சொத்துத் தகுதி 1858இல் ஒழிந்தது. ரகசிய வாக்கு 1872இல் வந்தது. உறுப்பினர் சம்பளம் 1911இல், ஆண்டுக்கு 400 பவுண்ட். எல்லா ஆண்களுக்கும் வாக்கு 1918இல். தொகுதிகளைச் சமன் செய்யும் வேலை 1885இல் வேகம் பிடித்தது. ஆறில் ஐந்து. ஆண்டுத் தேர்தல் மட்டும் வரவில்லை. கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறியவர்கள் கற்றுக்கொண்ட வித்தை, கணக்கு வைப்பது, கூட்டம் நடத்துவது, பத்திரிகை போடுவது, தொழிற்சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதே காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டருக்கு நம் பக்கத்திலிருந்தும் ஒரு மனு போனது. 1852இல் காஜுல லட்சுமிநரசு செட்டியின் முன்முயற்சியில் தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்த நேரம் பார்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதியது. நிலவரியின் சுமை, நீதிமன்றங்களின் தாமதம், எல்லாவற்றுக்கும் மேலாக, வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் வழக்கம் அதில் இருந்தன. டான்பி சேமோர் என்ற உறுப்பினர் 1853இல் நேரில் வந்து மாவட்டங்களைப் பார்த்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விஷயம் வெடித்தது. கம்பெனி மறுத்துப் பார்த்தது. பிறகு சென்னை அரசாங்கமே மூவர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

ஆணையம் அறிவிப்பு வெளியிட்டதும் மக்கள் நடந்தே வந்தார்கள், எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். வந்து சேர்ந்த புகார்கள் 1,959. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் விடும் அண்ணாந்தாள், இவையெல்லாம் தமிழ்ப் பெயரோடேயே 1855ஆம் ஆண்டு ஆங்கில அறிக்கையில் ஏறின. சித்திரவதை நடந்தது உண்மை என்று ஆணையம் ஒப்புக்கொண்டது; ஆனால் பழியின் பெரும்பங்கைச் சுதேசிக் கீழ்நிலை ஊழியர்கள் தலையில் வைத்துவிட்டு, வெள்ளைக்கார கலெக்டர்களைப் பெரிதும் தப்பவிட்டது. அப்படியும், எந்தத் தொகுதியிலும் வாக்கில்லாத திருச்சி, கடலூர்க் குடியானவனின் வலி காமன்ஸ் சபையில் பேசப்பட ஒரு மனு வழி செய்தது என்பது சின்ன விஷயமல்ல.

பெண்களின் வாக்குரிமைக்கான முதல் பெருமனு 1866 ஜூனில் கொடுக்கப்பட்டது. பார்பரா போடிச்சோனும் அவர் தோழிகளும் சில வாரங்களில் 1,499 பேரின் கையெழுத்தைச் சேர்த்தார்கள். எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் அந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குப் போனார்கள். எல்லோரும் திரும்பிப் பார்க்கவே கூச்சமாகி, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுக்க, அவர் அதைத் தன் கடைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் வந்து எடுத்துப் போய்ச் சபையில் அளித்தார். மறு ஆண்டு மில் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவு 73, எதிர்ப்பு 196. போடிச்சோன் குழு கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்திருந்தது: கையெழுத்திட்ட பெண்களின் பெயர்களை ஊரோடு தனிச் சிறுநூலாக அச்சிட்டு, பத்திரிகைகளுக்கும் உறுப்பினர்களுக்கும் அனுப்பியது. மூல மனு இன்று இல்லை. அந்த அச்சுப் பட்டியலால்தான் அவர்கள் யார் யார் என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது.

1909 ஜூனில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தைக் கையிலெடுத்தார். மன்னருக்கு மனு கொடுக்க உரிமை உண்டு. மன்னரின் அதிகாரம் இப்போது பிரதமரிடம் இருக்கிறது. ஆகவே பிரதமர் ஆஸ்க்வித் எங்களைச் சந்தித்து மனுவை வாங்க வேண்டும் என்பது அவர் வாதம். வாசலிலேயே கைது செய்தார்கள். வழக்கு மேல் நீதிமன்றம் வரை போனது. மனு கொடுக்கும் உரிமை உண்டு, ஆனால் நேரில் வாங்கிக்கொள்ள அமைச்சர் கடமைப்பட்டவர் அல்ல என்பது தீர்ப்பு. கொடுக்கலாம், வாங்க வேண்டியதில்லை என்ற அந்த நிலைதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு நின்றது. வாக்கு எல்லோருக்கும் வந்தது, கட்சிகள் வலுத்தன, மனுக்கள் சுருங்கின. சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பச்சைப் பையில் அவை போடப்பட்டன.

ஆட்கள் திரண்டு வந்தால் மட்டும் பழைய பயம் தலைகாட்டியது. நாடாளுமன்றம் கூடும்போது அதைச் சுற்றி ஒரு மைலுக்குள் ஐம்பது பேருக்கு மேல் மனு கொடுக்கக் கூடக் கூடாது என்று 1817ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 2005இல் வந்த வேறொரு சட்டம், அந்த வட்டாரத்தில் போராட முன்கூட்டியே போலீஸ் அனுமதி வேண்டும் என்றது. 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றச் சதுக்கத்தில் பகலும் இரவும் நின்ற ஈழத்தமிழர்கள் சந்தித்தது இந்தச் சட்டத்தைத்தான். அவர்களில் பலர் பிரிட்டிஷ் குடிமக்கள், வாக்காளர்கள். மந்திரிகளிடம் அவர்கள் கேட்டது நேரத்தோடு ஒரு பதில். அது வரும் முன் முள்ளிவாய்க்கால் முடிந்துவிட்டது.

இணையம் மனுவுக்கு மறுபிறவி தந்தது. 2006 நவம்பரில் பிரதமர் அலுவலகம் ஒரு தளம் திறந்தது. சில மாதத்தில் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்துக்கு எதிராக 18 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2011இல் அரசு புதிய தளம் அமைத்தது. 2015 முதல் அரசும் நாடாளுமன்றமும் சேர்ந்து நடத்துகின்றன. பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் எழுதும். ஒரு லட்சம் சேர்ந்தால் மனுக்கள் குழு விவாதத்துக்குப் பரிசீலிக்கும். விவாதம் பெரும்பாலும் திங்கள்கிழமை மாலை, பிரதான அவையில் அல்ல, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை ஒட்டிய பக்க அறையில்.

எண்கள் சாசன இயக்கத்தாரின் கனவையும் தாண்டிவிட்டன. 2016இல் பிரெக்சிட் வாக்கெடுப்பை மறுபடி நடத்தக் கோரி 41 லட்சத்துக்கு மேல். 1848 போலவே இங்கும் போலிக் கையெழுத்துகள். சுமார் 77,000 நீக்கப்பட்டன. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பையே திரும்பப் பெறச் சொல்லி 61 லட்சம். தளத்தின் வரலாற்றில் அதுவே அதிகம். விலக மாட்டோம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அரசு எழுதியது, ஏப்ரல் 1ஆம் தேதி பக்க அறையில் ஒரு மாலை பேசினார்கள், முடிந்தது. 2024 நவம்பரில், தேர்தல் முடிந்து ஐந்தே மாதத்தில், மறுதேர்தல் கோரித் தொடங்கிய மனுவில் 30 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2025 ஜனவரி 6ஆம் தேதி அதற்கும் அதே அறை. முந்தையது ஒரு தரப்பின் கோபம், பிந்தையது எதிர்த்தரப்பின் கோபம். இரண்டுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றுதான்.

ஆனால் சில மனுக்கள் அசைத்துக் காட்டியிருக்கின்றன. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்து நெரிசலில் மக்கள் இறந்தது தொடர்பான அரசு ஆவணங்கள் அனைத்தையும் வெளியிடக் கோரிய 2011ஆம் ஆண்டு மனு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த அக்டோபரில் பிரதான அவையில் ஸ்டீவ் ராதரம் என்ற உறுப்பினர் இறந்த 96 பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். மறு ஆண்டு சுயேச்சைக் குழுவின் அறிக்கை, போலீஸ் பழியை ரசிகர்கள் மேல் திருப்பியதை அம்பலமாக்கியது. பின்னர் இறந்த ஒருவரையும் சேர்த்து இன்று அந்த எண்ணிக்கை 97. 2020 அக்டோபரில், விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு கோரி கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் தொடங்கிய மனு பத்து லட்சம் தாண்டியது. அதே மாதம் அவை அந்தக் கோரிக்கையை 322க்கு 261 என்று தோற்கடித்திருந்தது. நவம்பர் தொடக்கத்தில் அரசு இறங்கிவந்து 17 கோடி பவுண்ட் ஒதுக்கியது.

அறுபத்தொரு லட்சத்தால் முடியாதது இவர்களால் எப்படி முடிந்தது? ஹில்ஸ்பரோ மனுவுக்குப் பின்னால் லிவர்பூல் குடும்பங்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக நடத்திய கூட்டங்களும் நினைவு நாள்களும் வழக்குகளும் இருந்தன. ராஷ்ஃபோர்டுக்குப் பின்னால், பசித்த குழந்தைக்கு இலவசமாகச் சாப்பாடு போடுகிறோம் என்று அந்த ஒரே வாரத்தில் முன்வந்த ஊர்ச் சிற்றுணவகங்களும் நகராட்சிகளும் இருந்தன. பிரெக்சிட் மனுவுக்குப் பின்னாலும் பெரிய பேரணிகள் நடந்தன என்பது உண்மை. ஆனால் அங்கே நாடே இரண்டாகப் பிளந்து நின்றது. ஒரு மனு எதிர்த்தரப்பின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்றால் அது ஏற்கெனவே உடன்பட்டவர்களின் கணக்கெடுப்பாக நின்றுவிடுகிறது. கிளார்க்சன் காலத்து மனுக்களில் கையெழுத்திட்ட பலர் அதற்கு முன் எதிர்க்கருத்தோடோ கருத்தே இல்லாமலோ இருந்தவர்கள்; யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்து பேசினார், வரைபடத்தைக் காட்டினார், பிறகே பேனா எடுக்கப்பட்டது. மின்னஞ்சலைச் சரிபார்க்கும் பொத்தானுக்கு இந்த வேலை தெரியாது.

குடிமக்கள் சரிசெய்ய வேண்டிய பங்கு இது. சபை சரிசெய்ய வேண்டிய பங்கும் ஒன்று உண்டு. 1836 முதல் காமன்ஸ் சபை, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை அச்சிட்டு வெளியிட்டுவந்தது. ஆகவே 1842இல் மறுத்த 287 பேரும் யார் என்று சுமை தூக்கிய தொழிலாளிக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி, தன் உறுப்பினரிடம் ஏன் என்று கேட்க முடிந்தது. இன்றைய மனு விவாதத்தின் தீர்மானம் ‘இச்சபை இம்மனுவைப் பரிசீலித்தது’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. பக்க அறையில் உறுப்பினர்களைப் பிரித்து எண்ணும் வாக்கெடுப்பு கிடையாது. வராத உறுப்பினரும், வந்து பேசாத உறுப்பினரும், மனதுக்குள் எதிர்த்தவரும் ஒரே மாதிரி மறைந்துகொள்ளலாம். பத்து லட்சத்தைத் தாண்டும் மனுவுக்காவது பிரதான அவையில் விவாதமும் பெயர்ப்பட்டியலோடு வாக்கெடுப்பும் வேண்டும். கோரிக்கை தோற்கலாம், கார்டனின் மனு போன்றவை தோற்கவும் வேண்டும். தோற்கடித்தவர்களின் பெயர் தெரிய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1842இல் மனுக்கள் மீதான விவாதத்தை நிறுத்தியது சபையின் ஒரு நிலையாணை. அதைப் போலவே, சபையின் பெரும்பான்மை ஒரு நாள் மாலையில் இன்னொரு நிலையாணையை நிறைவேற்றினால் போதும்.